சாஸ்திரத்துக்கு ஒரு வரிசை

நோட்டீஸ் வீட்டுக் கேட்டில் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் பசையில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பஞ்சவர்ணம் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், ஓரம்கூடப் பெயரவில்லை. பாசாரிலிருந்து வந்த வேர்வையோடு, காய்கறிப் பையைக் கீழே வைக்கவும் மறந்து, மலாய் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். அனுமதி பெறாமல் கட்டுமானம் தொடங்கப்பட்டிருக்கிறது. உடனே நிறுத்த வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அலுவலகத்துக்கு வர வேண்டும்.

கட்டுமானமாம்! பின்பக்கம் இருந்தது ஒரே ஒரு வரிசைச் செங்கல். எண்ணினால் பதினான்கு கல். தை மாதத்து நல்ல நாளை விட்டால் இவர்கள் ராசிக்கு அடுத்த நாள் அமையப் பல மாதம் ஆகும் என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார். "சாஸ்திரத்துக்கு ஒரு வரிசை வச்சிருவோம்கா, மத்தத பெறகு பாத்துக்கலாம்" என்றான் ஒப்பந்தக்காரன் வேலாயுதம். மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து, சூடம் காட்டி, அந்தப் பதினான்கு கல்லை வைத்தார்கள். சாமிக்காக வைத்ததை நகராண்மைக் கழகத்து ஆள் பின்சந்து வழியாக வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பின்பக்கம் எழுப்ப நினைத்த அந்த அறை ஆடம்பரத்துக்காகக் கட்டுவதல்ல. அவள் கணவர் கோபாலன் கிள்ளான் துறைமுகத்திலிருந்து முப்பது வருடம் டிரெய்லர் லோரி ஓட்டியவர். சீனி வியாதி போன வருடம் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. குளியலறை மாடியில். கீழே இருந்த கக்கூசுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. ஆகவே பின்வாசலில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதற்குள் அவரை உட்கார வைத்து, அவள்தான் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினாள். காற்று அடித்தால் தார்ப்பாய் தூக்கும். பின்சந்தில் யாராவது மோட்டார் சைக்கிளில் போனால் அவர் தலையைத் தாழ்த்திக்கொள்வார். எழுந்து போக வேண்டி வருமே என்று இப்போதெல்லாம் தண்ணீர்கூட அளந்துதான் குடிக்கிறார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் பஞ்சு," என்று தீபாவளியன்று சொன்னார். "நானே உள்ள போயி, நானே கதவ சாத்திக்கிட்டு, ஒரு நாள் குளிக்கணும். அவ்வளவுதான்."

அதற்குத்தான் அந்த அறை. வீட்டுக்குப் பின்னால் பத்தடி இழுத்து ஒரு படுக்கை, ஒரு குளியலறை. "பர்மிட்டெல்லாம் வேணாம் லா," என்று வேலாயுதம் ஆரம்பத்திலேயே அடித்துச் சொல்லியிருந்தான். "இந்த வரிசைல பாருங்க, எல்லாரும் இழுத்துத்தான் கட்டியிருக்காங்க. யாரு போயி கேட்டா?" இப்போது போன் போட்டால், இரண்டு வாரம் சும்மா இருங்கள், ஆபீஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துச் சுவரை எழுப்பிவிடலாம் என்றான். அவன் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். இடித்தால் இடிவது அவன் வீடு இல்லையே.

"இது பக்கத்து வீட்டு வேலைதான்," என்று பஞ்சவர்ணம் நோட்டீசைக் காட்டிப் பொருமினாள். "நாகையாதான் போயி சொல்லியிருப்பாரு. பழி வாங்கறாரு."

கோபாலன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாகையா அப்படிச் செய்யமாட்டான்."

"பதினோரு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசல. இன்னும் அவருக்குப் பரிஞ்சிக்கிட்டு!"

"பேசலன்னா என்னா? எனக்கு அவனத் தெரியும். செய்யமாட்டான்."

அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கோபாலனும் நாகையாவும் ஒரே கம்பெனியில் ஓட்டியவர்கள், ஒரே வருடத்தில் அடுத்தடுத்த வீட்டை வாங்கியவர்கள். காலைக் கோப்பியை ஒன்றாகக் குடிக்காத நாள் கிடையாது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நாகையா வீட்டுக்குப் பின்னால் பெரிய அடுப்படி ஒன்றைக் கட்டினார். அவர் மனைவி இந்திராவின் முறுக்குக்குக் காப்பார் ஊர் வரை ஆர்டர் இருந்தது, சின்ன அடுப்படி போதவில்லை. புது அடுப்படிக்கு டைல் போட்ட மறுமாதமே பஞ்சவர்ணம் வீட்டுக் கக்கூசில் தண்ணீர் இறங்காமல் மேலே ஏறி வந்தது. ஒருமுறை இல்லை, நான்குமுறை. வீடெல்லாம் நாற்றம். இந்திராவிடம் போய்ச் சொன்னதற்கு, "எங்க எடத்துல நாங்க கட்டறோம், ஒங்க கக்கூசுக்கு நாங்க என்ன பண்ண?" என்றாள். கோபத்தில் பஞ்சவர்ணம் நகராண்மைக் கழகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினாள். பெயர் போடவில்லை. தபாலில் போட்டுவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி துணி துவைத்தாள்.

அதிகாரிகள் வந்த நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டு எண் தேடிக்கொண்டு அவர்கள் பஞ்சவர்ணம் வீட்டுக் கேட்டின் முன்னால் நின்றார்கள். யார் வாசலில் நின்றாலும் குடிக்க ஏதாவது கொடுக்காமல் விடமாட்டார் கோபாலன். அவர்களுக்கும் கோப்பி கொடுத்தார். அதை நாகையா மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். அந்த மாதமே அடுப்படி இடிந்தது, நட்பும் கூடவே இடிந்தது. நான் சொல்லவில்லை என்று கோபாலன் மாரியம்மன் மேல் சத்தியம் செய்தார். நாகையா நம்பவில்லை. பஞ்சவர்ணம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவள் பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனாள். நம்பர் எடுத்துக் காத்திருந்து, கவுண்டரில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, புகார் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்தானே என்பது.

கவுண்டரில் இருந்த மலாய் இளைஞர் கணினியைத் தட்டிப் பார்த்தார். புகார் எதுவும் இல்லை, ஆன்டி. பின்சந்தில் கொட்டிய மணல் கால்வாயை அடைத்திருந்தது, ரோந்து போன ஆட்கள் அதைத்தான் படம் எடுத்தார்கள், அப்போது இதுவும் தெரிந்தது. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். மணல் குவியல். அதற்குப் பின்னால் பதினான்கு கல், குங்குமத்தோடு. அந்த எலுமிச்சம்பழம் எதற்கு என்று மட்டும் அவர் கேட்டார். சாமிக்கு என்றாள். அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, இங்கே வேண்டியது இவை என்று ஒரு தாளை நீட்டினார். தகுதி பெற்ற ஒருவர் வரைந்த பிளான், வீட்டு வரி கட்டிய ரசீது, சுவர் எல்லையில் வருவதால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கையெழுத்து.

பஞ்சவர்ணம் அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். செய்யாத குற்றத்துக்கு நாகையாவை ஐந்து நாள் மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறாள். செய்யாத குற்றத்தைத் தன் புருஷன் பதினோரு வருடம் சுமக்கிறார்.

பிளான் வரைய பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வாணி வந்தாள். முப்பது வயது இருக்கும். காலில் சேறு படுவதைப் பற்றிக் கவலைப்படாத பெண். முதல் வேலையாகக் கோபாலனின் சக்கர நாற்காலியை அளந்தாள், சுவரைப் பிறகுதான் அளந்தாள். பஞ்சவர்ணத்துக்கு அங்கேயே அவளைப் பிடித்துப்போயிற்று. "கதவு மூணடி வேணும் அங்கிள். வாசப்படி வேணாம், தரை ஒரே மட்டமா இருக்கணும். தண்ணி உள்ளயே வடியற மாதிரி சரிவு வரையறேன். நாற்காலி திரும்ப எடம் வேணும். வேலாயுதம் போட்ட பிளான் எங்க?"

வேலாயுதம் போட்ட பிளான் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் இருந்தது. வாணி அதைப் பார்த்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

பின்பக்கம் அளந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. நடுவிலிருந்த கம்பி வேலி வருடக்கணக்கில் நாகையா பக்கம் சாய்ந்து கிடந்தது. வேலாயுதம் வேலியை நம்பிக் கல் வைத்திருந்தான். "ஆன்டி, இந்த வரிசை அவங்க எடத்துல ஒரு சாண் போயிருக்கு," என்றாள் வாணி. சாஸ்திரத்துக்கு வைத்த வரிசை அடுத்தவன் மண்ணில்!

வாணி வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அங்க ஒரு மேன்ஹோல் இருக்கு. இந்த வரிசைல உள்ள எல்லா வீட்டுக் கழிவும் அதுலதான் சேருது. அதுக்கு மேல யாரோ முந்தி கட்டியிருக்காங்கபோல, டைல் போட்ட தடம் தெரியுது."

"அடுப்படி," என்றாள் பஞ்சவர்ணம். "இடிச்சிட்டாங்க."

"மேன்ஹோல மூடினா அடைப்பு எடுக்க ஆள் எறங்க முடியாது, பக்கத்து வீட்டுக்கெல்லாம் ஏறிடும். அதுக்குத்தான் அந்த ரூல். முன்னாடியே ஒரு பிளான் போட்டிருந்தா மூணடி தள்ளி வரைஞ்சிருப்பாங்க. அந்த அடுப்படி இன்னிக்கும் நின்னிருக்கும்."

மூணடி. பஞ்சவர்ணம் வேலியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டது நியாயம்தான், கக்கூஸ் பொங்கியது பொய்யில்லை. ஆனால் பெயர் போட்டு எழுதியிருந்தால், அல்லது இரண்டாவது தடவை கதவைத் தட்டி உட்கார்ந்து பேசியிருந்தால், மூன்றடியில் முடிந்திருக்கும். அதை நினைத்து அவள் அன்று சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஒவ்வொரு கல்லாகத் தட்டினாள். வேலாயுதத்தின் சிமெண்ட் அவ்வளவு தாராளம், ஒரே தட்டில் கல் கையோடு வந்தது. ஒவ்வொன்றையும் துடைத்துத் தன் பக்கம் அடுக்கினாள். பதினான்காவது கல்லை வைத்து நிமிர்ந்தபோது, நாகையா தன் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்ட் தூசி படிந்த கையோடு, சம்மதத் தாளை எடுத்துக்கொண்டு, அவள் முன்பக்கமாகச் சுற்றிப் போய் அவர் வீட்டுக் கேட்டின் மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது இந்திரா. உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நாகையா பின்னால் வந்து நின்றார். தாளை வாங்கிப் படித்தார்.

"கையெழுத்தா?" என்றார். "நான் கட்டறப்போ ஒன் புருஷன் எனக்குப் போட்டான் பாரு ஒரு கையெழுத்து, அதுமாதிரியா?"

"அவரு போடலண்ணே."

"அந்த ஆளுங்களுக்கு அவன் கோப்பி குடுத்தத நான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன்."

"கோப்பி போட்டது நான்," என்றாள் பஞ்சவர்ணம். "ஆபீசுக்குக் கடுதாசி போட்டதும் நாந்தான். அவருக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. அவரு ஒங்ககிட்ட பண்ணது உண்மையான சத்தியம்ணே."

உள்ளே டிவியில் யாரோ மீன் குழம்பு செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்திராவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "அந்த அடுப்படில நான் மொத்தமே ஒரு தீபாவளிக்குத்தான் முறுக்கு சுட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"தெரியும்," என்றாள் பஞ்சவர்ணம் அந்த முதுகைப் பார்த்து. அழுதுவிடக் கூடாது என்று வந்தவள், அழுதாள்.

நாகையா தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. "போ," என்றார். "நான் யோசிக்கணும்."

வீட்டுக்கு வந்து, அதே சூட்டோடு கோபாலனிடமும் சொன்னாள். ஒன்றை விடாமல் சொன்னாள். அவர் தன் இல்லாத காலின் இடத்தைப் பார்த்தார்.

"அந்தக் கோப்பிய நீதானே போட்டு என் கைல குடுத்தே," என்றார். "வெயில்ல நிக்கறாங்க, குடுங்கன்னு."

"ஆமா."

"ஆத்தா மேல சத்தியம் பண்ணேன் பஞ்சு. என்னப் பொய்யன்னு சொன்னான். அதயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

"ஆமா."

அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று சாயங்காலம் அவள் வாளியில் தண்ணீர் நிரப்பி வந்து கூப்பிட்டபோது, வேண்டாம் என்றார். அடுத்த நாளும் வேண்டாம். சாப்பிட்டார், மருந்து போட்டுக்கொண்டார், ஊசியைத் தானே குத்திக்கொண்டார். குளிக்க மட்டும் வரவில்லை. தன்னைத் தொடவிடாமல் இருப்பது ஒன்றுதான் அந்த மனுஷனால் அவளுக்குக் கொடுக்க முடிந்த தண்டனை. அது போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை நாகையா பின்சந்து வழியாக வந்தார். கதவு தட்டவில்லை. செங்கல் அடுக்கியிருந்த இடத்தில் நின்று, தார்ப்பாயைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார். பின்வாசலில் கோபாலன் இருந்தார். கால் போன பிறகு நாகையா அவரை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இங்கயா குளிக்கிறே?" என்றார் நாகையா.

"இங்கதான்."

"சந்துல போறவன் வர்றவன் எல்லாம் பாக்கறான் லா."

"பாக்கறான்."

நாகையா பிடரியைச் சொறிந்துகொண்டார். "நீ சத்தியம் பண்ணே. நான் நம்பல."

"நம்பல," என்றார் கோபாலன். அதில் கோபம் இருந்தது. பதினோரு வருடத்துக் கோபம், போக இடமில்லாமல் கிடந்தது. பிறகு வேறு எதுவும் தோன்றாமல், பழக்க தோஷத்தில், "கோப்பி குடிக்கிறியா?" என்றார்.

"ஒன் வீட்டுக் கோப்பியாலதான்டா எல்லாமே வந்துச்சு!"

முதலில் சிரித்தது யார் என்று அடுப்படி ஜன்னலில் நின்ற பஞ்சவர்ணத்துக்குத் தெரியவில்லை. இரண்டு கிழவர்களும் இருமி இருமிச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நாகையா மூக்கைச் சுளித்தார். "டேய், நீ குளிச்சி எத்தன நாளாச்சி? நாறுறே." சட்டையைக் கழற்றிச் செங்கல் மேல் போட்டார். தார்ப்பாயை இழுத்துக் கட்டினார், சந்துப் பக்கம் ஒரு இடுக்குகூட இல்லாமல். லோரியில் சரக்கை மூடிக் கட்டிய கையல்லவா! பிறகு நண்பனைத் தூக்கி உட்கார வைத்து, தலையோடு தண்ணீர் ஊற்றினார். உள்ளேயிருந்து இரண்டு பேரும் பழைய சூப்பர்வைசர் ஒருவரைத் திட்டும் சத்தம் கேட்டது. பஞ்சவர்ணம் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை அது நல்ல அழுகை.

ஈரக் கையோடுதான் நாகையா கையெழுத்துப் போட்டார். தாளில் இரண்டு இடத்தில் தண்ணீர் பட்டு மை கலங்கியது. "ஒண்ணு கேக்கணும் தங்கச்சி," என்றார். தங்கச்சி என்று கூப்பிட்டது பதினோரு வருடத்தில் அதுவே முதல்முறை. "அந்தப் பொண்ணு, மூணடி தள்ளின்னு ஒங்கிட்ட சொல்லிச்சில்ல? வேலி ஓரமா என் காதுலயும் விழுந்துச்சி. என் வீட்டுக்கும் வரையுமா?"

வாணி வரைந்தாள். எல்லையில் ஒரே சுவர், இந்தப் பக்கம் கோபாலன் அறை, அந்தப் பக்கம் இந்திராவின் அடுப்படி, மேன்ஹோலைச் சுற்றித் திறந்த இடம், மழைத்தண்ணீர் அவரவர் மண்ணில் விழும்படி தகரக் கூரை. இரண்டு வீட்டுத் தாள்களும் ஒரே நாளில் கவுண்டருக்குப் போயின. மை கலங்கிய கையெழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. குளியலறைக் கழிவுக் குழாய் எங்கே சேர்கிறது என்று காட்டவில்லை என்று பிளான் ஒருமுறை திரும்பி வந்தது. வாணி திருத்திக் கொடுத்தாள். முன்பென்றால் பஞ்சவர்ணம் அலுத்துக்கொண்டிருப்பாள். இப்போது, கேட்கட்டும், அதைக் கேட்காமல் விட்டதால்தானே நம் கக்கூஸ் பொங்கியது என்றாள். சித்திரை முடிந்து அனுமதி வந்தது. வேலாயுதத்தைக் கூப்பிட்டு, பிளானைச் சுவரில் ஒட்டி, இதில் ஒரு அங்குலம் மாறினாலும் உன்னை இதே சுவரில் வைத்துப் பூசிவிடுவேன் என்று சொன்னாள். நல்ல நாள் பார்க்கவில்லையா அக்கா என்று அவன் கேட்டான். அனுமதி வந்த நாளே நல்ல நாள் என்றுவிட்டாள். முதல் வரிசைக்கு அந்தப் பழைய பதினான்கு கல்லைத்தான் வைக்கச் சொன்னாள்.

இந்திரா மட்டும் பேசவில்லை. சுவர் எழும்பியது, கூரை ஏறியது, அவள் பேசவில்லை. அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது என்று பஞ்சவர்ணம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் வலித்தது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பக்கத்து வேலையும் முடிந்தது. கோபாலன் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு புது அறைக்குள் போனார். மூன்றடிக் கதவில் இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. பஞ்சவர்ணம் பழக்கப்படி துண்டோடும் சோப்போடும் பின்னாலேயே போனாள். குளியலறை வாசலில் அவர் நாற்காலியைத் திருப்பி, அவள் கையிலிருந்து இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

"நீ போ லா. நான் பாத்துக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டார். உள்தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்து சோப்பு கீழே விழுந்தது, அவர் அதை ஏதோ திட்டினார், பிறகு மறுபடியும் தண்ணீர். ஒரு வருடமாக அந்த நேரத்தில் அவள் கை சும்மா இருந்ததில்லை. இப்போது என்ன செய்வதென்று தெரியாமல் கதவுக்கு வெளியே நின்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் காயும் வாசனை வந்தது. "பஞ்சவர்ணம்," என்று இந்திராவின் குரல், கறாராகத்தான். "சும்மாதானே நிக்கறே. வந்து இந்த மாவப் பெசஞ்சி குடு."

பஞ்சவர்ணம் ஒருமுறை மூடிய கதவைப் பார்த்தாள். உள்ளே அவர் இன்னும் குளித்துக்கொண்டுதான் இருந்தார், அவசரமே இல்லாமல். அவள் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.